இல்லமே பள்ளியாகும்போது



பிள்ளைகளுக்குக் கல்வியளிப்பது பெற்றோரின் கடமை என்பதை மறுப்பார் எவருமில்லை. ஆனால், "என் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பமாட்டேன், வீட்டிலேயே நானே கற்பிப்பேன்" என்று ஒரு தந்தையோ தாயோ கூறினால் ஊரார் திகைப்பர். அவ்வாறு கூற அவர்களுக்கு உரிமை உண்டா? உண்டென்றால் அதன் எல்லை யாது? அந்த எல்லையை வகுக்க வேண்டியவர் யார்? இவ்வினாக்களே இன்று என் பேச்சின் பொருள். வீட்டிலேயே கற்று உலகப் புகழ் எய்திய ஒருவருடைய வாழ்க்கையை முன்வைத்து இதனை ஆராய விரும்புகிறேன்.

அவர் ஜான் ஸ்டூவர்ட் மில் என்னும் ஆங்கில அறிஞர். 1806ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தவர்; ஒன்பது மக்களுள் மூத்தவர். சிறுவயதில் அவர் பள்ளிக்கு அனுப்பப்படவில்லை. தந்தையார் ஜேம்ஸ் மில்லே அவருக்கு ஆசிரியர். மூன்றாம் வயதில் கிரேக்கம். எட்டாம் வயதில் இலத்தீன். பன்னிரண்டாம் வயதளவில் தருக்கம். பதின்மூன்றாம் வயதில் பொருளாதாரம். இதுவே அச்சிறுவன் கற்ற முறை.

தந்தையார் செல்வர் அல்லர். எழுத்தையே நம்பிக் குடும்பம் நடத்தியவர். பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாறு என்னும் பெருநூலை எழுதியவர் அவரே. அந்நூலை அவர் எழுதிக்கொண்டிருந்த அதே மேசையின் அருகில் அமர்ந்துதான் மகன் கிரேக்கம் பயின்றான். கிரேக்கச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் பொருள் கூறும் அகராதி அவனுக்குக் கிடைக்கவில்லை. இலத்தீனில் பொருள் கூறும் அகராதி இருந்தது. ஆனால் அவன் அப்போது இலத்தீன் அறியான். ஆகவே தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் தந்தையையே கேட்க வேண்டியதாயிற்று. இயல்பாகவே பொறுமை குறைந்தவரான அத்தந்தை, ஆண்டுக்கணக்காக அந்த இடையூற்றைத் தாங்கிக்கொண்டு தம் நூலையும் எழுதினார். காலை உணவுக்கு முன் இருவரும் உலாவச் செல்வர். முந்திய நாள் படித்ததை மகன் சொல்லிக்கொண்டே நடப்பான்.

வீட்டுக் கல்வி என்ற சொல்லுக்குள் இத்தனை உழைப்பு அடங்கியுள்ளது. உரிமை கோருதல் ஒரு நாளில் முடிந்துவிடும். அவ்வுரிமைக்குரிய கடமையோ பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நாள்தோறும் செய்ய வேண்டிய பணி.

இனி இதன் மறுபக்கத்தையும் காண்போம். மகன் பிற சிறுவரோடு பழகுவதைத் தந்தையார் பெரும்பாலும் தடுத்துவிட்டார். உடன் ஆடும் தோழர் இல்லை, விடுமுறையும் இல்லை. அறிவு ஓங்கி வளர்ந்தது. உள்ளத்தின் ஈரம் வளர இடமில்லை. 1826ஆம் ஆண்டு, இருபதாம் வயதில், மில் கடுமையான மனச்சோர்வுக்கு ஆளானார். தாம் விரும்பும் சீர்திருத்தங்கள் யாவும் இந்நொடியே நிறைவேறினால் தமக்கு மகிழ்ச்சி உண்டாகுமா என்று தம்மையே வினவினார். உண்டாகாது என்றே உள்ளம் விடை கூறிற்று. பல திங்கள் வாடிய பின்னரே அவர் மெல்லத் தேறினார். பின்னர் வொர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளும் அவருக்கு மருந்தாயின. 1873இல் வெளிவந்த தன்வரலாற்றில் இவற்றையெல்லாம் அவர் கூறியுள்ளார். தந்தையாரைத் தூற்றவில்லை, அவர் தந்த கல்வியின் குறையை மறைக்கவும் இல்லை.

இதிலிருந்து நான் பெறும் பாடம் ஒன்று உண்டு. பெற்றோர் தம்மிடம் உள்ளதை வழங்க வல்லவர். ஆனால் தம்மிடம் இல்லாதது எது என்று எண்ணிப் பார்த்து, அதனையும் பிள்ளைக்குத் தேடித் தருவதே அரிய பொறுப்பாகும். தோழமை, விளையாட்டு, கலை, மாற்றுக் கருத்துடையோரின் பழக்கம் ஆகியவை அத்தகையன.

வீட்டிலேயே கற்ற மில், கல்வியில் அரசாங்கத்துக்கு எத்தகைய பங்கை அளித்தார்? 1859இல் வெளியான சுதந்திரம் பற்றிய தம் நூலில் அவர் இதனை ஆராய்கிறார். எல்லாரையும் அரசாங்கமே ஒரே அச்சில் வார்த்தெடுப்பது தீது என்கிறார். பிள்ளையைப் பெற்றுவிட்டு அதற்குக் கல்வி தராதிருப்பதோ, அப்பிள்ளைக்கும் சமுதாயத்துக்கும் இழைக்கும் குற்றம் என்கிறார். ஆகவே அவர் காட்டிய வழி இது: எங்குக் கற்பிப்பது, எவ்வாறு கற்பிப்பது என்பதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும், கற்பித்தார்களா என்பதை அரசாங்கம் பொதுத் தேர்வால் அறியட்டும். குறித்த வயதில் பிள்ளைக்குப் படிக்கத் தெரியவில்லையென்றால், தக்க காரணம் காட்டாத தந்தைக்கு அளவான அபராதம் விதித்து, அவர் செலவிலேயே பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கட்டும். ஆயினும் சமயம், அரசியல் போன்றவற்றில் மாணவரின் கொள்கையைத் தேர்வு சோதிக்கலாகாது. யார் எக்காரணத்தால் எக்கொள்கையை உடையர் என்ற செய்தியை மட்டுமே கேட்கலாம்.

பிற்காலத்து ஆங்கிலச் சட்டமும் கடமையிலிருந்தே தொடங்கிற்று. 1876ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைக்கு எழுத்தும் எண்ணும் கிடைக்கச் செய்வதைப் பெற்றோரின் கடமையாக்கியது. 1944ஆம் ஆண்டுச் சட்டம், வயதுக்கும் திறனுக்கும் ஏற்ற முழுநேரக் கல்வியைப் பள்ளியிலோ 'அல்லது வேறு வகையிலோ' அளிக்க வேண்டும் என்றது. அந்நாட்டு வீட்டுக் கல்வி முழுவதும் அச்சிறு தொடரையே பற்றி நிற்கிறது. 1996ஆம் ஆண்டுச் சட்டமும் அதனைக் காத்துக்கொண்டது. ஜெர்மனியோ வேறு நெறியை மேற்கொண்டது. அங்குப் பள்ளி செல்வது கட்டாயம். அதனை எதிர்த்த ஒரு குடும்பத்தின் முறையீட்டை 2006இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஏற்க மறுத்தது. பலதிறப்பட்ட மக்களோடு கலந்து வாழப் பழகுவதும் கல்வியின் பயனே என்ற கருத்து அங்கே மதிக்கப்பெற்றது.

பெற்றோரும் அரசாங்கமும் வழக்காடும்போது பிள்ளையை மறந்துவிடக்கூடாது. அமெரிக்காவில் அமிஷ் என்னும் சமயப் பிரிவினர், எட்டாம் வகுப்புக்குப் பின் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலும் வயலிலும் பயிற்றினர். பதினாறு வயது வரை பள்ளி கட்டாயம் என்ற விஸ்கான்சின் மாநிலம் அவர்களுக்கு அபராதம் விதித்தது. 1972இல் உச்ச நீதிமன்றம் பெற்றோர் பக்கமே தீர்ப்பளித்தது. நீதிபதி டக்ளஸ் மட்டும் ஒரு பகுதியில் மாறுபட்டார். வளர்ந்த பிள்ளையின் எதிர்காலத்தை முடிவு செய்யுமுன் அப்பிள்ளையின் விருப்பத்தையும் கேட்க வேண்டாமா என்று அவர் வினவினார். அவ்வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது என்பதே என் கருத்து.

நம் நாட்டில் 2002ஆம் ஆண்டுத் திருத்தம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதே திருத்தம் அக்கல்விக்கு வாய்ப்பளிப்பதைப் பெற்றோரின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாகவும் சேர்த்தது. 2009ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. உரிமை பிள்ளையுடையது, கடமை பெற்றோருடையது என்ற அந்த வரிசை கருதத்தக்கது.

நண்பர்களே, பெற்றோரின் உரிமை பிள்ளையின் நலத்துக்காக அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் போன்றது. பிறர் பொருளைக் காப்பவர் கணக்குக் காட்டக் கூசமாட்டார். வீட்டில் கற்பிக்க முன்வரும் பெற்றோர் மூன்று கணக்குகளுக்கு விடை கூறவேண்டும். பிள்ளை உண்மையில் கற்கிறதா? பிறரோடு வாழப் பழகுகிறதா? நாளை வேறு வழியை நாடினால் அதற்குரிய கதவு திறந்திருக்கிறதா? இக்கணக்குகள் பள்ளியில் சேர்த்துவிட்டுக் கவலையற்றிருக்கும் பெற்றோருக்கும் உரியனவே. நாளை நீங்களும் பெற்றோராவீர்கள். அப்போது உரிமையைப் பற்றிப் பேசுமுன் இம்மூன்று வினாக்களையும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.