கட்டற்ற களஞ்சியமும் தமிழ்ப் பெண்டிரும்

(திருவில்லிப்புத்தூர்த் தமிழன்பர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆழ்வார் பன்னிருவருள் பெண் ஒருவரே. அவ்வொருவர் பிறந்த ஊர் இது. நாயன்மார் அறுபத்து மூவருள் பெண்டிர் மூவர். கழக இலக்கியம் பாடிய புலவர் 473 பேர் என்பது பலரும் சொல்லும் கணக்கு. அவருள் பெண்பாற் புலவர் எத்துணையர் என்று கேட்டால் மட்டும் ஒருமித்த விடை கிடைப்பதில்லை. முப்பதின்மர்க்குச் சற்று மேல் என்பார் உளர். நாற்பதின்மர்க்கு மேல் என்பாரும் உளர். புலவர்தம் பெயர்கள் முன்னிருக்கவும் கணக்கு ஏன் இவ்வாறு தடுமாற வேண்டும்?

அதற்குக் கரணியம் தமிழிலேயே உள்ளது. 'ஆர்' என்னும் உயர்வுப் பன்மையீறு ஒரு பெயரின்மேல் ஏறியவுடன் ஆண்பால் பெண்பால் என்னும் வேறுபாடு மறைந்து அப்பெயர் பலர்பால் வடிவு கொண்டுவிடுகின்றது. அதன்பின், பாட்டின் பொருளைக் கொண்டும், பெயரின் முற்பகுதியைக் கொண்டும், பழையோர் விட்டுச் சென்ற குறிப்பைக் கொண்டும் உய்த்துணர வேண்டியதே. மதிப்புத் தருதற்கு அமைந்த ஈறு, பெண்ணை எண்ணிக்கையினின்று மறைத்தற்கும் வழியாயிற்று.

இன்று இணையத்தில் ஊதியமின்றி அறிவுப்பணி செய்வாரைப் பற்றி ஆராய்வார்க்கும் முதற்கண் எதிர்ப்படுவது இதே சிக்கல்தான். எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்னும் முறையில் அமைந்த விக்கிப்பீடியா என்னும் கட்டற்ற கலைக்களஞ்சியம் 2001 சனவரி 15ஆம் நாள் ஆங்கிலத்தில் தொடங்கப்பெற்றது. ('விக்கி' என்பது அவாயித் தீவினர் மொழியில் விரைவு எனப் பொருள்படும் சொல். அப்பெயரைத் தமிழாக்க வேண்டுமா என்னும் வழக்கை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்க.) தமிழ்ப் பதிப்பு 2003இல் தோன்றியது. ஈழத் தமிழராகிய இ. மயூரநாதன் அரபு நாட்டில் பணிபுரிந்துகொண்டே அதற்கு அடித்தளமிட்டார். இன்று அதில் ஒன்றரை நூறாயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் உள. அதன் உடன்பிறப்பாகிய கட்டற்ற அகரமுதலியில் மூன்று நூறாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் ஏறியுள்ளன. தமிழ்ப் பிள்ளை ஒன்று கணினியைத் திறந்து ஒரு சொல்லைத் தேடினால், அதன் கண்ணில் முதலிற் படும் ஏடுகளுள் இவையும் அடங்கும். இவற்றின் நடையில் வடசொற் கலப்பு மிகுதி என்று முகஞ்சுளித்து ஒதுங்கி நிற்கும் தனித்தமிழ்ப் புலவர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

எழுதுவார்க்கு ஆங்கு வழங்கும் பெயர் 'பயனர்' என்பது. இதுவும் பலர்பால் வடிவே. பலர் புனைபெயரில் எழுதுகின்றனர். ஆணோ பெண்ணோ என்று குறித்துக்கொள்ள இடமிருந்தும் பலர் குறிப்பதில்லை. ஆகவே பட்டியலை எண்ணி விடை சொல்ல இயலாது. எழுதுவாரையே கேட்டறிதல் வேண்டும். கேட்டால் யார் விடையிறுப்பர், யார் வாளாவிருப்பர் என்பது அடுத்த சிக்கல்.

2008ஆம் ஆண்டில் உலகளாவிய வினாநிரல் ஒன்று இக்களஞ்சியத்தார்க்கு விடுக்கப்பெற்றது. விடையிறுத்த எழுத்தாளருள் பெண்டிர் 12.7 விழுக்காட்டினரே. 2011 சனவரியில் இதனை நியூயார்க்கு டைம்சு இதழ் எடுத்தெழுத, உலகெங்கும் பேச்சு எழுந்தது. அற்றை விக்கிமீடியா நிறுவனத் தலைமையிலிருந்த சூ கார்டினர் என்னும் அம்மையார், 2015க்குள் அதனை 25 விழுக்காடாக உயர்த்துவதென இலக்கு வைத்தார். அவ்விலக்கு எட்டப்படவில்லை. இதற்கிடையே 2013இல் மாக்கோ இல், ஆரன் சா என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் அப்பழைய கணக்கையே ஆராயப் புகுந்தனர். தாமே முன்வந்து விடையிறுத்தவரை மட்டும் எண்ணிய கணக்கு அது. பொதுமக்களைக் குறியெதிர்ப்பின்றித் தெரிந்தெடுத்துக் கேட்ட வேறொரு கணக்குடன் அதனை ஒப்பிட்டு நோக்கிய அவர்கள், பெண்டிரும், மணமானவரும், பிள்ளை பெற்றவரும் வினாநிரலிற் குறைவாக வந்துள்ளனர் என்று கண்டனர். திருத்திய கணக்கின்படி பெண்டிர் 16.1 விழுக்காடு.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுதுகின்றவள் வினாநிரலுக்கு விடையெழுதவும் பொழுதில்லாதவள் போலும்! அவள் எழுதினாள், ஆயினும் எண்ணப்படவில்லை. தமிழ்க் களஞ்சியத்திற் கணக்கெடுக்கப் புகுவார் இந்நுண்மையை மறவாதிருத்தல் வேண்டும். ஆனாலும் திருத்திய கணக்கும் ஆறு பேருக்கு ஒருவர் என்ற அளவைத் தாண்டவில்லை என்பதை மறைத்தற்கில்லை.

எழுதுவார் யாராயிருந்தாலென்ன, எழுதப்படுவதன்றோ வேண்டுவது என்று கேட்பார் உளர். எழுதப்பட்டதைக் காண்க. கனடா நாட்டு வாட்டர்லூ பல்கலைக்கழகத்து இயற்பியலறிஞர் தோனா சிட்ரிக்லாந்து அம்மையார்க்கு 2018 அக்டோபர் 2ஆம் நாள் நோபல் பரிசு அறிவிக்கப்பெற்றது. 55 ஆண்டுகட்குப் பின் இயற்பியலில் ஒரு பெண்மணிக்கு வாய்த்த பரிசு அது. அற்றை நாள்வரை ஆங்கில விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றிக் கட்டுரை இல்லை. அவ்வாண்டு மே திங்களில் ஒருவர் எழுதியனுப்பிய வரைவு, தகுதியைக் காட்டும் சான்று போதாதென்று மறுக்கப்பட்டிருந்தது. அவருடன் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆடவர்க்கோ பல ஆண்டுகட்கு முன்பே கட்டுரை இருந்தது. இஃது ஒரு தனி நிகழ்ச்சியும் அன்று. 2021இல் பிரான்செசுகா திரிப்போடி வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, ஆங்கிலக் களஞ்சியத்து வாழ்க்கை வரலாறுகளுள் பெண்டிரைப் பற்றியவை 19 விழுக்காட்டிற்கும் குறைவாக இருக்க, நீக்குதற்கு முன்மொழியப்பட்ட வரலாறுகளில் அவை 25 விழுக்காட்டிற்கு மேல் இருந்தன.

இது மேலைநாட்டுக் கதை என்று ஒதுக்குவார்க்கு ஒரு கேள்வி. 1938ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போரில் சிறைப்பட்டு 1939இல் உயிரீந்த தாளமுத்து, நடராசன் பெயரை இவ்வவையில் அறியாதார் இரார். அதே போரில் கைக்குழந்தையுடன் சிறை புகுந்த தாய்மார் பெயரில் எத்தனையை இவ்வவையார் சொல்லக்கூடும்? தருமாம்பாள் அம்மையார் பெயர் சிலர்க்கு நினைவில் எழும். மூவலூர் இராமாமிருதத்தம்மையார், திருச்சியினின்று சென்னைவரை நடந்த தமிழர் படையில் உடன் நடந்தவர். அவர் பெயரும் எழும். அவர்க்கு மேல்?

நீலாம்பிகையம்மையாரைப் பாருங்கள். வடசொற்கட்கு நேர் தமிழ்ச்சொல் காட்டி அகரவரிசை தொகுத்தவர். 1938இல் சென்னையிற் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர். ஈ.வெ.இரா.வுக்குப் 'பெரியார்' என்னும் பெயரை வழங்கியது அம்மாநாடே. ஆயினும் தனித்தமிழ் இதழ்கள் அவரைக் குறிக்கும்போதெல்லாம் 'அடிகளாரின் அருமை மகளார்' என்றே தொடங்குகின்றன; தொகுத்த நூலின் பெயர் ஈற்றில் வந்தால் வரும், வாராதொழிந்தால் ஒழியும். 2015இல் விக்கிப்பீடியாவை ஆராய்ந்த ஐரோப்பியக் குழுவினரும் இதனையே கண்டனர். பெண்ணின் வரலாற்றில் இன்னார் மகள், இன்னார் மனைவி என்னும் குடும்பச் செய்தி மிகுந்து நிற்கின்றது என்பது அவர்கள் கண்ட முடிபு.

வாயில் திறந்துதானே கிடக்கின்றது, பெண்டிர் ஏன் வரவில்லை என்று வினவுவார்க்கு முதல் விடை பொழுது. இந்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, ஊதியமில்லா வீட்டுப்பணி செய்யும் பெண்டிர் அதற்கு நாளொன்றுக்கு 299 மணித்துளி செலவிட்டனர். அப்பணி செய்யும் ஆடவர் செலவிட்டது 97. 2024இல் மீண்டும் எடுத்தபோது அது பெண்டிர்க்கு 289, ஆடவர்க்கு 88. பெண்டிர்க்குப் பத்து மணித்துளி குறைந்தது என்று மகிழ்வதற்குள், ஆடவர்க்கும் ஒன்பது குறைந்திருத்தலைக் காண்கின்றோம்! கருவியும் அவர் கைக்கு எளிதில் எட்டுவதன்று. 2019–21ஆம் ஆண்டுக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய ஆடவர் இந்திய அளவில் நூற்றுக்கு 57, பெண்டிர் 33.

இரண்டாவது தடை, இடத்தின் இயல்பு. தமிழ் விக்கிப்பீடியாவிற் பொதுச்செய்திகளைக் கலந்து பேசும் பக்கத்திற்கு 'ஆலமரத்தடி' என்று பெயர். நல்ல தமிழ்ப்பெயர், வைத்தவரைப் பாராட்டல் வேண்டும். ஆனால் இந்நாட்டு ஊர்களில் ஆலமரத்தடியில் அமர்ந்து வழக்குரைத்தவர் யார்? பெண்டிர் அவ்வழியே குடத்துடன் தலைகுனிந்து கடந்தவரே அல்லரோ? பெயர் செய்த குற்றம் ஏதுமில்லை. பழகிய கால்கள் பழகிய வழியே செல்கின்றன. 2012இல் ஆங்கிலக் களஞ்சியத்தை ஆராய்ந்த காலியர், பேர் என்னும் இருவர், பூசலை விரும்பாமையும், தம் அறிவின்மேல் தாமே கொள்ளும் ஐயமும், பிறர் எழுத்தைத் திருத்தக் கூசுதலும் பெண்டிரைத் தடுப்பன என்று காட்டினர். எழுதிய முதற்கட்டுரை மறுநாளே முன்பின் அறியாத ஒருவரால் அழிக்கப்படின், அழித்தவரோடு பத்து நாள் சொற்போராடும் பொழுதும் பொறுமையும் யாருக்கு வாய்க்கும்?

மூன்றாவது தடையே தமிழர்க்கு மிகப் பெரிது. களஞ்சியத்தில் ஏறும் செய்திக்கு வெளியிடப்பட்ட சான்று வேண்டும் என்பது நெறி. நெறி நன்றே, அஃதின்றேல் கட்டுக்கதைகள் புகுந்துவிடும். ஆனால் பெண்டிர் அறிவு பெரும்பாலும் அச்சேறாத அறிவு. பாவாணர், சென்னைப் பல்கலைக்கழக அகரமுதலி உலகவழக்குச் சொற்கள் பலவற்றைக் கொள்ளாது விட்டதை எத்துணைச் சினத்துடன் கண்டித்தார் என்பது தமிழன்பர் அறிந்ததே. விடுபட்ட சொற்கள் யார் வாயிலிருந்தவை? புடைத்தல், கொழித்தல், நாவுதல், தெள்ளுதல் என்பன ஒரே சுளகின் வெவ்வேறு அசைவுகள். அவற்றின் வேறுபாட்டைக் கை அறியும். அக்கைக்கு உரியவள் அறிவாள். இவ்வரங்கிலுள்ள ஆடவருள் நான்கினையும் செய்துகாட்ட வல்லார் எவரும் உளரேல் எழுக!

இவ்வூர்த் தெருவிலேயே ஒரு சான்று உண்டு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற இனிப்பின் பெயர் பலகைதோறும் 'பால்கோவா' என்று தொங்குகின்றது. கோவா என்பது வடநாட்டு வழக்கு. பாலைச் சுண்டக் காய்ச்சித் திரட்டியதற்குத் 'திரட்டுப்பால்' என்னும் சொல்லைப் பேணி வைத்தவை கடைகள் அல்ல, அடுக்களைகள். உறை, பிரைமோர், ஆடை, ஏடு, சீம்பால் என்று பாலைச் சுற்றி அமைந்த சொற்கூட்டமும் ஆங்கேதான் உள்ளது. தனித்தமிழியக்கம் புதுச்சொல் படைக்க எடுத்துக்கொண்ட உழைப்பிற் காற்பங்கை, அடுக்களையிற் கிடக்கும் பழஞ்சொல்லைத் திரட்டுதற்குச் செலவிட்டிருக்கலாம்.

இராசபாளையத்தார்க்கும் இதிற் பங்குண்டு. பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில், 'நூல்' என்னும் பெயர்க்கு விளக்கம் தருங்கால், சொல்லைப் பஞ்சாகவும், வாயைக் கையாகவும், மதியைக் கதிராகவும் வைத்து, புலவனுக்கு ஒப்பாக நூற்கும் பெண்ணையே வைத்தார். 'பனுவல்' என்னும் சொல் பஞ்சையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். 1936இல் தோன்றிய ஆலை தொட்டு, நூற்பையே பிழைப்பாகக் கொண்ட அவ்வூரில், கைந்நூற்புக் காலத்துச் சொற்களை அறிந்த மூதாட்டியர் அருகி வருகின்றனர். ஆலைக்குள் வழங்குவன ஆங்கிலச் சொற்கள். பஞ்சை வில்லாற் கொட்டியது முதல் சிட்டம் சுற்றியது வரை இடையிலிருந்த சொற்கள், அறிந்தவரோடு போய்விடும்.

2017இல் தமிழ்நாட்டரசின் பள்ளிக் கல்வித்துறை சார்பில் மாவட்டந்தோறும் ஆசிரியர்க்குத் தமிழ் விக்கிப்பீடியாப் பயிற்சி அளிக்கப்பெற்றது. ஆசிரியைமார் பலர் அதிற் கலந்துகொண்டு எழுதினர். நல்ல தொடக்கம். ஆயினும் பயிற்சியன்று கணக்குத் தொடங்குதல் எளிது. ஓராண்டு கழித்தும் எழுதிக்கொண்டிருத்தலே அரிது. அதற்கு அழைப்பு மட்டும் போதாது, துணையும் வேண்டும். எழுதியது அழிக்கப்பட்டால் உடன்நின்று கேட்பாரும், தட்டச்சில் தடுமாறினால் கைகொடுப்பாரும் உள்ளூரிலேயே இருத்தல் வேண்டும்.

தமிழ்மன்றங்கள் செய்யத்தக்கது பெரிதொன்றுமில்லை. கூட்டங்கள் மாலை ஆறு மணிக்கு வைக்கப்பெறுகின்றன. அஃது அடுப்புப் பற்றவைக்கும் பொழுது. ஒரு கூட்டத்தையேனும் காலை பத்து மணிக்கு, பெண்கள் பள்ளியொன்றின் கணினி அறையில் வைத்துப் பார்க்க. மாணவியர் ஒவ்வொருவரும் தம் பாட்டியிடம் பத்துச் சொல் கேட்டு வரட்டும். சொல், பொருள், வழங்கும் ஊர், சொன்னவர் செய்த தொழில், கேட்ட நாள் ஆகியவற்றைப் பிழையற எழுதி, இத்தகைய திங்களிதழ்களில் அச்சேற்றுக. அச்சேறியபின் அது சான்றாகிவிடும். அகரமுதலியில் ஏற்றுதற்கு எவரும் தடைசொல்ல இயலாது. கட்டுரையெழுத விரும்பும் பெண்டிர்க்குத் தொடங்குபொருளும் அணித்தே உள்ளது. 1938இல் சிறை புகுந்த தாய்மாரைப் பற்றிய செய்திகள் அக்காலத்து 'விடுதலை', 'குடிஅரசு' இதழ்களில் அச்சாகிக் கிடக்கின்றன.