உப்புத்தண்ணி நல்லதண்ணி ஆகும்… அந்த உப்பு எங்க போகும்?

(தகவல் தொழில்நுட்ப அணி கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம கோயமுத்தூர்ல சிறுவாணி வந்தா நல்லதண்ணி, போர்ல வந்தா உப்புத்தண்ணி. பல்லடம், காங்கேயம் பக்கம் மழையும் கம்மி, பூமியும் பாறை. அங்கெல்லாம் ஊருக்கு ஒரு ஆர்.ஓ. பிளான்ட் வேணும்னு கேட்கிறோம். நியாயமான கோரிக்கை.

செலவும் கட்டுப்படியாகும். கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. நம்ம போர் தண்ணியில சில கிராம்தான். மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளுக்குத் தேவைப்படும் அழுத்தத்தில் ஒரு சிறு பங்கு நமக்குப் போதும். கரண்டும் அந்தளவு மிச்சம்.

ஆனா உப்பு மாயமாகாது. 100 லிட்டர்ல 60 லிட்டர் நல்லதண்ணி எடுத்தா, கிட்டத்தட்ட மொத்த உப்பும் மீதி 40 லிட்டர்ல நிக்கும். சென்னையில அதைக் கடல்ல விடுறாங்க. நமக்குக் கடல் இல்லீங்க. பள்ளத்துல விட்டா நம்ம போருக்கே திரும்பி வரும்.

ஒரத்துப்பாளையம் அணையை மறந்துடாதீங்க. 1992-ல் பாசனத்துக்காகத் திறந்தது, தேங்கினது சாயக்கழிவு. 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. இன்னைக்கு திருப்பூர்ல ஆர்.ஓ. கழிவையும் காய்ச்சி உப்பாப் பிரிக்கிறாங்க.

அதனால கிராம சபையில கேளுங்க:

👉 டிடிஎஸ் எவ்வளவு? (500-க்குள் இருப்பது நல்லது)
👉 மெம்பரேன் கடைசியா எப்போ மாத்தினாங்க?
👉 கழிவுத்தண்ணி எங்க போகுது?

பதிலை பிளான்ட் வாசல்ல போர்டுல எழுதச் சொல்லுங்க. திறப்பு விழா போட்டோ ஒரு நாள் ஓடும். பிளான்ட் தினமும் ஓடணும்.



#நல்லதண்ணி_நம்ம_உரிமை