முப்பதுக்கு மேல் நர்சிங்: பயத்தைப் பிரித்து எழுதுவோம்

(செவிலியர் தினத்தை முன்னிட்டு நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மே 12 செவிலியர் தினம். நான் நர்சும் அல்ல, டாக்டரும் அல்ல. பி.காம். முடித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் இன்று ஒரு விஷயம் பேச வேண்டும் என்று தோன்றியது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள நம்மைப் போன்ற குடியிருப்புகளில், முப்பது வயதைக் கடந்த சிலர் “நர்சிங் படிக்கலாமா?” என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கான்ட்ராக்ட் வேலை எப்போது நிற்கும் என்று தெரியாத ஆண் ஒருவர் இருப்பார். பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும், நமக்கென்று ஒரு தொழில் வேண்டும் என்று நினைக்கும் பெண் ஒருவர் இருப்பார். ஆசை பாதி, பயம் பாதி.

“தைரியமாக இருங்கள்” என்று சொன்னால் பயம் போய்விடாது. மொத்தமாக இருக்கும்வரை அது பெரிதாகத்தான் தெரியும். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் உங்கள் பயங்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். வலப்பக்கம், அதற்கு யாரிடம் கேட்டால் விடை கிடைக்கும் என்று எழுதுங்கள். பாதிக்கு மேல் விசாரித்தால் தெரிந்துவிடும் விஷயங்களாகவே இருக்கும்.

முதல் வரி வயது. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி ஜிஎன்எம் டிப்ளமோவில் சேர 17 முதல் 35 வயது வரை. ஏற்கெனவே ஏஎன்எம் முடித்தவர்களுக்கு இந்த உச்ச வரம்பு கிடையாது. அரசுப் பள்ளிகளுக்குத் தனி நிபந்தனை இருக்கலாம். அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் படியுங்கள். இப்போது 33 வயது என்றால், “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று இரண்டு முறைதான் சொல்ல முடியும். தள்ளிப்போடுவதும் ஒரு முடிவுதான். அதை நாம் எடுப்பதில்லை, காலண்டர் எடுத்துவிடுகிறது.

இரண்டாவது படிப்பு. “நான் பன்னிரண்டாம் வகுப்பில் காமர்ஸ் ஆயிற்றே” என்பார்கள். பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம். ஆனால் கவுன்சில் விதிப்படி ஜிஎன்எம் மூன்றாண்டுப் படிப்பில் எந்தப் பிரிவில் படித்தவரும் சேரலாம். ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்து, உரிய மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். அறிவியலுக்கு முன்னுரிமை உண்டு. சேர நினைக்கும் இடத்தில் எப்படி என்று நேரில் கேளுங்கள். விடுதியில் தங்கியே ஆக வேண்டுமா என்பதையும் அப்போதே கேளுங்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது கட்டணத்தைவிடப் பெரிய கேள்வி.

மூன்றாவது பணம். இது எனக்குத் தெரிந்த துறை. வங்கிகளின் மாதிரி கல்விக்கடன் திட்டத்தில் மாணவருக்கு வயது வரம்பு என்று தனியாக எதுவும் இல்லை. நான்கு லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. திருமணமானவர் என்றால் கணவரோ மனைவியோ, மாமனார் மாமியாரோ சேர்ந்து கையெழுத்துப் போடலாம். படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டுமாவது கட்டி வந்தால் பின்னால் சுமை குறையும். ஆனால் வங்கி முதலில் கேட்பது, “இந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா?” என்பதைத்தான்.

இந்த இடத்தில் எச்சரிக்கையாக இருங்கள். பயந்தவரைக் குறிவைத்தே, “வயது வரம்பு இல்லை, ஒரே வருடத்தில் நர்ஸ்” என்று விளம்பரங்கள் வருகின்றன. அப்படி வாங்கும் சான்றிதழை வைத்துத் தமிழ்நாடு நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாதவர் சட்டப்படி நர்ஸ் அல்ல. வங்கி கடன் தர மறுக்கும் படிப்புக்கு, நகையை அடகு வைத்துப் பணம் கட்டாதீர்கள்.

நான்காவது உடம்பும் நைட் ட்யூட்டியும். மணிக்கணக்கில் நிற்க வேண்டும், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், மலம் சிறுநீர் எடுக்க வேண்டும். உண்மைதான். முதுகுவலி, சர்க்கரை இருந்தால் சேரும் முன்பே டாக்டரிடம் காட்டுங்கள். ஷிப்ட் மட்டும் நமக்குப் புதிதல்ல. ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று சமையல் நேரத்தையே மாற்றி வாழ்ந்த வீடுகள் நம்முடையவை. படுக்கையில் கிடந்த மாமனாரைப் பார்த்துக்கொண்டவருக்கு, பதினெட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியாத பக்குவம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

ஐந்தாவது, “நாலு பேர் என்ன சொல்வார்கள்?” ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் வசதியான குடும்பத்துப் பெண். நர்ஸ் வேலை தாழ்வானது என்று வீட்டார் பல ஆண்டுகள் தடுத்தார்கள். 1851-ல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் அவர் பயிற்சி பெற்றபோது அவருக்கு வயது 31. நாலு பேர் சொல்வதை நிறுத்த அவராலும் முடியவில்லை. ஆனாலும் போனார்.

முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள் மனம் உடைய வேண்டாம். பதிவு பெற்ற நர்ஸ் ஆவது கடினம். ஆனால் நோயாளிக்குத் துணை நிற்கும் வேலை அதோடு முடிந்துவிடவில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைப் பாருங்கள். வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுப்பவர்கள், மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள். நேற்றுவரை குடும்பத்தலைவிகளாக இருந்தவர்கள் அவர்களில் பலர். மருத்துவமனை உதவியாளர், வீட்டு நோயாளி பராமரிப்பாளர் போன்ற அரசுத் திறன் பயிற்சிகளும் உண்டு. எது நர்ஸ் வேலை, எது உதவியாளர் வேலை என்று தெரிந்துகொண்டு சேருங்கள்.

இத்தனையும் எழுதிய பிறகும் ஒரு வரிக்கு வலப்பக்கம் காலியாகவே இருக்கும்: “என்னால் முடியுமா?” அதற்குத் தாளில் பதில் இல்லை. பொன்னேரியிலோ திருவள்ளூரிலோ அரசு மருத்துவமனையில் உறவினர் யாராவது படுத்திருந்தால், இரண்டு இரவு துணைக்கு இருந்து பாருங்கள். அங்கே வேலை செய்யும் நர்ஸ் ஓய்வாக இருக்கும்போது பேச்சுக் கொடுங்கள். இரண்டாம் நாள் காலையில் உங்கள் மனம் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். வேண்டாம் என்று அது சொன்னாலும் தோல்வி இல்லை. மூன்று ஆண்டும் சில லட்சங்களும் மிச்சம்.

கடைசியாக ஒன்று. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, படபடப்பு, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது முடிவெடுக்கும் நேரம் அல்ல. முதலில் டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

தாளை இன்றைக்கே எழுதிவிடுங்கள். கல்விக்கடன் விண்ணப்பம் நிரப்பவோ, கல்லூரி கொடுக்கும் காகிதத்தைப் படித்துப் பார்க்கவோ ஆள் வேண்டுமென்றால், ஞாயிறு காலை சங்க அறையில் நான் இருப்பேன். தயங்காமல் வாருங்கள்.