செத்த பிறகு தந்த குடியுரிமை



போரில் பிள்ளையை இழந்த பெற்றோருக்கு அரசு கொடி தரும், பதக்கம் தரும், விழாவில் முன்வரிசை நாற்காலி தரும். ஒரே நிபந்தனை, கேள்வி கேட்கக் கூடாது. அந்த நிபந்தனையை மீறியவர்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். என் முனைவர் பட்ட ஆய்வில் நான் படிப்பதும் அவர்களைத்தான்.

சிண்டி ஷீஹானைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2004 ஏப்ரலில் பாக்தாத்தில் அவருடைய மகன் கேசி கொல்லப்பட்டார். 2005 ஆகஸ்டில், அதிபர் புஷ் விடுமுறைக்குத் தங்கியிருந்த டெக்சாஸ் பண்ணைக்குப் போகும் சாலையோரத்தில் அந்தத் தாய் கூடாரம் போட்டு உட்கார்ந்தார். என் மகன் எதற்காகச் செத்தான் என்று கேட்டார். புஷ் அவரைச் சந்திக்க வரவில்லை. உலகத்துக் கேமராக்கள் வந்தன.

அவ்வளவு கேமராக்கள் போகாத ஒரு தந்தை, பெர்னாண்டோ சுவாரெஸ் டெல் சோலார். மெக்சிகோவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தவர். மகன் ஹெசூஸ் மரைன் படையில் சேர்ந்து, 2003 மார்ச் 27 அன்று ஈராக்கில் இறந்தார். வயது 20. அவர் மிதித்தது, அமெரிக்கப் படையே வீசி வெடிக்காமல் கிடந்த கொத்துக்குண்டு.

அந்தத் தந்தை அதே ஆண்டு டிசம்பரில் ஈராக்குக்கே போனார். பிறகு, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்குப் போகத் தொடங்கினார். ஏன் பள்ளிகள்? 2002இல் அமலுக்கு வந்த கல்விச் சட்டம் ஒன்று, அரசு நிதி பெறும் பள்ளிகள் மாணவர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணை ராணுவ ஆள்சேர்ப்பாளர்களுக்குத் தர வேண்டும் என்றது. பெற்றோர் எழுதிக் கொடுத்தால் தடுக்கலாம். ஆனால் ஆங்கிலம் தெரியாத கூலித் தொழிலாளிக்கு இதை யார் சொல்வார்கள்? அதைச் சொல்லத்தான் அவர் அலைந்தார்.

அதே போரில் முதலில் இறந்தவர்களில் ஒருவர் ஹோசே குத்தியெர்ரெஸ். குவாத்தமாலாவில் பெற்றோரை இழந்து, தெருவில் வளர்ந்து, ஆவணமில்லாமல் எல்லை தாண்டியவர். செத்த பிறகு அமெரிக்கா அவருக்குக் குடியுரிமை வழங்கியது. உயிரோடு இருக்கும்வரை அந்நியர், சவப்பெட்டியில் குடிமகன். இந்தக் கணக்கு நமக்குப் புதிதா தோழர்களே?

படையில் சேரும் பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி ராணுவ சுபேதார். ஊர் மறுத்த படிப்பைப் பட்டாளம் தந்தது. மகர்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கிலேயர் நிறுத்தியபோது, மீண்டும் சேர்க்கச் சொல்லி மனுப் போட்டவர்கள் நம் முன்னோர். மற்ற கதவுகள் சாத்தியிருக்கும்போது திறந்திருக்கும் கதவில்தான் ஏழைப் பிள்ளை நுழைவான். மற்றவற்றைச் சாத்தியது யார் என்பதே கேள்வி.

ஷீஹானைத் தேசத்துரோகி என்றார்கள். மகனின் பெயரைக் கெடுக்கிறார் என்றார்கள். நாளை நம் ஊரிலும் ஒரு படைவீரரின் தாய் போர் வேண்டாம் என்று சொல்லலாம். தொலைக்காட்சி அவரைத் தூற்றும்போது அவர் தனியாக நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.