வரி கட்டுகிறோம், கணக்குக் கேட்கிறோமா?

பிப்ரவரிக் கடைசியும் ஆகஸ்டுக் கடைசியும் நெருங்கினால் ஈப்போ மாநகரைச் சேர்ந்த எங்கள் செமோரில் எங்கே போனாலும் ஒரே பேச்சுதான். பாசாரில், காப்பிக்கடையில், கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதுகூட, "மதிப்பீட்டு வரி கட்டியாச்சா?" என்பார்கள். "கட்டி என்ன செய்ய? லோங்காங் அடைச்சிக்கிட்டு அப்படியேதான் கிடக்கு!" என்று பதில் வரும். அதோடு பேச்சு முடிந்துவிடும். காப்பிக்குக் காசு கொடுத்துவிட்டுக் கலைந்துவிடுவோம்.

மாநகர் மன்றச் செலவும் குடியிருப்பாளர்களின் கேள்வியும் என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. பெரிய தலைப்பு. நான் பொருளாதாரம் படித்தவனில்லை. ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவன். பேரேடு, செக்ரோல், சம்பளப் பட்டியல் இவற்றோடு வாழ்நாளில் பாதியைக் கழித்தவன். ஆகவே கணக்கு என்றால் எனக்கு முதலில் கண்ணில் படுவது பால் கொட்டகைதான். அங்கிருந்தே தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் பிறக்காத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். விடியற்காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டு முடிந்து, மரம் வெட்டி, பால் சேர்த்து, பதினொரு மணி வாக்கில் வாளிகளோடு ஆட்கள் கொட்டகைக்கு வருவார்கள். பாலை நிறுத்தால் மட்டும் போதாது. அதில் பாதிக்கு மேல் தண்ணீர். உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்க்க வேண்டும். ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் மொண்டு, அளந்து தண்ணீர் கலந்து, உயரமான குவளையில் ஊற்றி, மேலே நிற்கும் நுரையை வழித்தெடுத்துவிட்டு மெட்ரோலேக் என்னும் அளவுமானியை மிதக்க விடுவோம். பால் கெட்டியாக இருந்தால் அது தாழ்ந்துபோகும், நீர்த்திருந்தால் உயர்ந்து நிற்கும். அதன் தண்டில் பால் மட்டம் தொடும் கோடுதான் அன்றைய கூலியை முடிவு செய்யும். நுரையைச் சரியாக வழிக்காவிட்டால் கோடு மாறும். தலையைச் சாய்த்துப் பார்த்தாலும் மாறும். அந்த ஒரு கோட்டில் ஒரு குடும்பத்தின் அரிசி இருந்தது.

ஓர் அம்மா. பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் இந்த வானொலியைக் கேட்கிறார்கள். அவருக்கு எழுத்துத் தெரியாது, எண் மட்டும் தெரியும். மற்றவர்கள் பாலைக் கொட்டிவிட்டு வாளி கழுவப் போய்விடுவார்கள். இவர் நகரமாட்டார். நுரை வழித்தாகும்வரை நின்று, முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு குனிந்து, அந்தக் கோட்டைத் தானே பார்ப்பார். "எத்தனை எழுதினீங்க ஐயா?" என்பார். சொன்னால் போய்விடுவார். லயத்து வீட்டில் அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் அந்த எண்ணைக் குறித்துவைப்பார். மாதக் கடைசியில் சுண்ணாம்புச் சுவர் முழுக்க எண்களாக இருக்கும். சம்பளம் போடும் நாளில் சுவரை மனப்பாடம் செய்துகொண்டு வந்து வரிசையில் நிற்பார்.

அரைக் கிலோ, கால் கிலோவைக் கீழே தள்ளி எழுதும் கொட்டகைகள் உண்டு என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்வார்கள். எங்கள் கொட்டகையில் அப்படி நடந்ததில்லை. அதற்கு எங்கள் யோக்கியதை மட்டும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த அம்மா யாரையும் திட்டியதில்லை, யார்மீதும் சந்தேகம் சொன்னதில்லை. பேரேட்டில் ஏறுவதற்கு முன்னால் பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான். ஏறிய பிறகு கேட்டிருந்தால் "முடிந்துபோன கணக்கம்மா" என்று யாராவது அனுப்பிவைத்திருப்பார்கள்.

சரி, தலைப்புக்கு வருகிறேன்.

தோட்டங்கள் துண்டாகி விற்பனையாயின. சில செம்பனைக்குப் போயின, சில வீடமைப்புக்குப் போயின. லயத்தை விட்டுத் தாமானுக்கு வந்தோம். லயத்தில் இருந்தபோது நகராண்மை, மன்றம் என்ற பேச்சே நமக்குக் கிடையாது. தோட்டம் தனியார் நிலம். அதற்குள்ளிருக்கும் சாலைக்கும் சாக்கடைக்கும் பொதுப்பணத்தை எளிதில் தொடமுடியாது. தொழிலாளர் குடியிருப்பைப் பார்த்துக்கொள்வது முதலாளியின் கடமை, அதற்கு 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் உண்டு. ஆக, எது வேண்டுமானாலும் ஆபீசுக்கு முன்னால் போய் நின்று துரையிடம் கேட்கும் பழக்கம் இரண்டு மூன்று தலைமுறையாக நம்மிடம் ஊறிவிட்டது.

அந்தப் பழக்கத்தோடுதான் நாம் மாநகர் மன்றத்தையும் பார்க்கிறோம். மனு எழுதுகிறோம், "தயவுகூர்ந்து" என்று தொடங்குகிறோம். துரையிடம் கேட்டது சலுகை, அவர் பணம். மன்றத்தில் கிடப்பது நாம் ஆண்டுக்கு இரண்டு தவணை கட்டிய பணம். மனு வேண்டாம் என்று சொல்லவில்லை. மனுவோடு கணக்கையும் கேளுங்கள் என்கிறேன்.

எங்கள் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் ஒருநாள் இது பெரிய வாக்குவாதமாகிவிட்டது. ஒரு பெரியவர், "எல்லாக் காசும் ஈப்போ டவுனுக்கே போகுது. அங்க விளக்கும் பூச்செடியும், இங்க இருட்டு" என்றார். எதிரே இருந்த ஓர் இளைஞர், "ஈப்போவும் நம்ம ஊருதானே? நீங்க வரி கட்டுறது அதே மன்றத்துக்குத்தானே?" என்றார். ஆளுக்கு ஆள் கட்சிப் பெயரை எடுத்தார்கள், குரல் ஏறியது. கணக்காளராக வேலை பார்க்கும் ஒரு பெண் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து, "அண்ணே, நீங்க சொன்ன குழி எந்த ரோட்டுல இருக்கு?" என்று மட்டும் கேட்டார். பெரியவர் கோலகங்சார் போகும் பெரிய சாலையைச் சொன்னார். அது கூட்டரசுச் சாலை. மன்றத்தின் வரவு செலவில் அது வராது. மண்டபம் கொஞ்சம் அமைதியாகிவிட்டது.

நம் புகார்களில் ஒரு பகுதி இப்படிக் கதவு மாறித் தட்டுகிறது. பெரிய சாலை கூட்டரசுக்கு, அதற்கு அடுத்தது மாநிலத்துக்கு, தாமானுக்குள் இருப்பது பெரும்பாலும் மன்றத்துக்கு. வீட்டு வாசல் லோங்காங் மன்றத்தைச் சேரும், ஆற்றோரம் வடிகால் நீர்ப்பாசன இலாகாவுக்குப் போய்விடும். குப்பை விஷயம் இன்னும் சுவாரசியமானது. 2007இல் வந்த திடக்கழிவுச் சட்டத்தை ஏற்ற மாநிலங்களில் அந்த வேலையைக் கூட்டரசு எடுத்துக்கொண்டது. பேரா அதில் சேரவில்லை. ஆகவே நம் வீட்டுக் குப்பையை அள்ளுவது மன்றத்தின் சொந்தச் செலவு. ஈப்போ மாநகரின் பரப்பு 643 சதுர கிலோமீட்டர். செமோர், தஞ்சோங் ரம்புத்தான், மெங்கிளம்பு எல்லாம் அதற்குள்தான். அத்தனை தெருவுக்கும் லாரி போய்வர வேண்டும். எண்ணெய்ச் செலவை நீங்களே மனத்தில் போட்டுப்பாருங்கள்.

வரி எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன கிடைக்கும் என்று மதிப்பிடுவார்கள். அதில் ஒரு விழுக்காடுதான் வரி. மாதம் 500 வெள்ளி வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆண்டுக்கு 6,000. விழுக்காடு 8 என்றால் வரி 480 வெள்ளி, தவணைக்கு 240. இது உதாரணம்தான், உங்கள் பில்லில் உள்ள விழுக்காட்டைப் பாருங்கள். சட்டம் 35 விழுக்காடுவரை விதிக்க இடம் கொடுக்கிறது. புதிய மதிப்பீட்டுப் பட்டியல் வந்து, உங்கள் வீட்டுக்கு அதிகமாகப் போட்டுவிட்டார்கள் என்று பட்டால், மறுபரிசீலனைக்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்னால் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். அக்கம்பக்கத்து வீடுகளின் வாடகையைக் குறித்துக்கொண்டு போய் வாதாடலாம். கடிதம் வந்ததும் அலமாரிக்கு மேல் வைத்துவிட்டு, அந்த 14 நாள் கணக்குத் தாண்டியபிறகு எடுத்துக்கொண்டு என்னிடம் வருபவர்கள் உண்டு. அப்போது நான் காப்பிதான் கொடுக்கமுடியும்.

இனி கொஞ்சம் பழைய கதை. நேரம் ஓடுகிறது என்று தெரியும், ஆனாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டேன். நம் ஆட்கள் கணக்குக் கேட்கத் தெரியாதவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு ரோசம் வரும். ஈப்போவில் டி.ஆர். சீனிவாசகம் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருப்பீர்கள். யார் அந்தச் சீனிவாசகம்? ஈப்போ வழக்கறிஞர், நாடாளுமன்ற உறுப்பினர். அண்ணன் எஸ்.பி. சீனிவாசகத்தோடு மக்கள் முற்போக்குக் கட்சியை நடத்தியவர். அறுபதுகளின் தொடக்கத்தில் ஈப்போ நகர மன்றம் அவர்கள் கையில் இருந்தது. அப்போதெல்லாம் நகர மன்றத்துக்கு மக்களே ஓட்டுப் போட்டார்கள். கல்வி அமைச்சராக இருந்த அப்துல் ரஹ்மான் தாலிப்மீது நாடாளுமன்றத்தில் ஊழல் குற்றம் சாட்டினார் டி.ஆர். உள்ளே சொன்னதற்கு வழக்குப் போடமுடியாது. "வெளியே வந்து சொல்" என்று சவால் வந்தது. வெளியே போய்ச் சொன்னார். அமைச்சர் வழக்குப் போட்டுத் தோற்றார். 1965இல் பதவி விலகினார். டி.ஆர். 1969இல் காலமானார், ஐம்பது வயதைத் தொடவில்லை.

அதே 1965இல்தான் ஊராட்சி மன்றத் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. இந்தோனேசியாவோடு மோதல் நடந்துகொண்டிருந்த நேரம். நிலைமை சீரானதும் தேர்தல் வரும் என்றார் பிரதமர் துங்கு. மோதல் மறு ஆண்டே முடிந்தது, தேர்தல் வரவில்லை. மன்றங்கள் எப்படி நடக்கின்றன என்று ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைத்தார்கள். அதன் தலைவர் ஆதி நாகப்பன். ம.இ.கா.காரர், செனட்டர், அதாவது ஆளும் கூட்டணியைச் சேர்ந்தவர். 1968இல் அறிக்கை முடிந்தது. மன்றங்களில் கோளாறு உண்டு, ஆனாலும் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றங்களே வேண்டும் என்று அந்த அறிக்கை பரிந்துரைத்தது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இன்றைக்கு மேயரையும் மன்ற உறுப்பினர்களையும் மாநில அரசு நியமிக்கிறது. மேயர் நீங்கலாக 8 பேருக்குக் குறையாமல், 24 பேருக்கு மிகாமல். பினாங்கு மாநிலம் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரச் சட்டம் இயற்றிப் பார்த்தது, 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு இடமில்லை என்றுவிட்டது.

ஓட்டுப் போனது பெரிய நஷ்டம்தான், நான் மழுப்பமாட்டேன். ஆனால் அதே 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில் 23ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மன்றத்தின் முழுக்கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தது. தீர்மானம் போட்டு மூடினால் ஒழிய நீங்களும் நானும் போய் உட்காரலாம். பேச முடியாது, கேட்கலாம். குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது, பல விஷயம் அங்கேயே பேசி முடிந்துவிடும் என்பதும் உண்மை. ஆனாலும் முழுக்கூட்டத்தில் ஒரு பொது ஆள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால், வாசித்துவிட்டுத் தாண்டிப்போகும் வேகம் குறையும். எனக்கு இதில் சந்தேகமே இல்லை, கொட்டகையில் கண்ணால் பார்த்தவன். அந்த மண்டபத்துக் கணக்காளர் பெண்ணிடம் இதைச் சொன்னபோது, "எனக்கே தெரியாதே அங்கிள்!" என்றார்.

அடுத்த ஆண்டுக்கான வரவு செலவு மதிப்பீடு ஜனவரி பிறப்பதற்கு முன்பே தயாராகி, மாநில அரசின் ஒப்புதலுக்குப் போகவேண்டும். ஆகவே லோங்காங் வேண்டும், விளக்கு வேண்டும் என்றால் ஆண்டு நடுவிலேயே உங்கள் பகுதி மன்ற உறுப்பினரைப் பிடியுங்கள். டிசம்பரில் பேரேட்டில் ஏறிவிட்டால் அடுத்த ஆண்டுதான். கடிதத்தில் "சீர்செய்யுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த ஜாலான், எத்தனை மீட்டர், போன தடவை எப்போது செய்தார்கள், குத்தகையாளர் யார், எவ்வளவு செலவு என்று கேளுங்கள். பினாங்கில் 2012இல் ஒரு முயற்சி தொடங்கினார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களே கூடி, கொடுத்த பணத்தை முதலில் எதற்குச் செலவிடுவது என்று வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். ஆண்கள், பெண்கள், முதியவர்கள், இளையவர்கள் என்று தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டார்கள். நம் கோயில் மண்டபத்தில் அப்படிக் கேட்டிருந்தால், விளக்கில்லாத இருட்டைப் பற்றி ஆண்களைவிடப் பெண்கள் நிறையப் பேசியிருப்பார்கள். இரவு ஷிப்ட் முடிந்து பேருந்து இறங்கி நடப்பவர்கள் அவர்கள்தானே.

தகவல் கேட்கும் உரிமைக்குச் சட்டம் போட்டவை பினாங்கும் சிலாங்கூரும். அதைப் பற்றியும், தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கையை எப்படிப் படிப்பது என்பதைப் பற்றியும் குறிப்பு எடுத்து வந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையைக் காட்டுகிறார். இன்னொரு நாள் வாய்ப்புக் கிடைத்தால் பார்ப்போம்.

ஒரே ஒரு வேண்டுகோள். மன்றத்தின் அடுத்த முழுக்கூட்டம் எந்தத் தேதியில் என்று தொலைபேசியில் விசாரியுங்கள். பணிஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, உங்களுக்குப் பகலில் நேரம் இருக்கிறது. தாமானுக்கு இருவராகப் போய் உட்காருங்கள். கூட்டத்தில் வரும் தாள்கள் மலாயில் இருக்கும், படிக்கச் சிரமமானால் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு படியுங்கள். ஆகஸ்டுத் தவணையையும் மறக்காதீர்கள், தாமதமானால் நோட்டீஸ் வரும், அதற்குத் தனிக் கட்டணம் வேறு. கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது பையில் இருக்கட்டும்.