விரலில் மை, பேனாவில் மை

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் நிகழ்த்திய உரை)



ரிடையரான மனுஷனிடம் மைக்கைக் கொடுத்தால் லேசில் திரும்பி வராது என்பது நம் காரியதரிசிக்குத் தெரியும். அதனால் ‘பத்தே நிமிஷம்’ என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விஷயத்தை மட்டும் என் இஷ்டத்துக்கு விட்டார். மையைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

2024 லோக்சபா தேர்தலில் 64 கோடிக்கும் மேற்பட்டவர்கள் வாக்களித்தார்கள். வாக்குச் சாவடியில் இடது ஆள்காட்டி விரலில் வைத்தார்களே, அந்த மை எங்கிருந்து வருகிறது தெரியுமா? மைசூரில் கர்நாடக அரசுக்குச் சொந்தமான பெயிண்ட் தொழிற்சாலையிலிருந்து. 1937-ல் மைசூர் மஹாராஜா காலத்தில் ஆரம்பித்தது. 1962 பொதுத் தேர்தலிலிருந்து இந்த மை புழக்கத்தில் இருக்கிறது. தயாரிக்கும் முறையைக் கண்டுபிடித்துக் கொடுத்தது டில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடம்.

இதில் முக்கியமான சரக்கு சில்வர் நைட்ரேட். நான் பி.எஸ்ஸி. படித்தபோது லாபில் இதைக் கையில் கொட்டிக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் எல்லோரிடமும் கேலிக்கு ஆளானவன். நம் தோலில் இருக்கும் உப்போடு சேர்ந்து இது சில்வர் க்ளோரைடாகிறது. அது தண்ணீரில் கரையாது. வெளிச்சம் பட்டால் கறுத்துப் போகும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் பயனில்லை. பழைய தோல் உதிர்ந்து, நகம் வளர்ந்தால்தான் போகும். அதற்குச் சில வாரங்கள் ஆகும்.

விரலில் வைத்த மைக்கு ஆயுசு சில வாரம். பேனாவில் ஊற்றிய மைக்கு?

நம் அரசியல் சட்டத்தின் ஆங்கில மூலப் பிரதியை அழகான கையெழுத்தில் எழுதியவர் டில்லியைச் சேர்ந்த பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா. பக்கங்களை அலங்கரித்தவர்கள் நந்தலால் போஸும் சாந்திநிகேதன் கலைஞர்களும். அந்தப் பிரதி இன்றும் பாராளுமன்ற நூலகத்தில், பிராணவாயு புகாத கண்ணாடிப் பேழையில் இருக்கிறது.

அதிலே 21-வது பிரிவு. சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்பது அதன் சாரம். ‘சட்டம் வகுத்த நடைமுறை’ என்றால் என்ன? சட்டசபை இயற்றிய எந்த நடைமுறையும் போதும் என்று 1950-ல் ஏ.கே. கோபாலன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அந்த நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று 1978-ல் மேனகா காந்தி வழக்கில் சொன்னது. ஒரு சொற்றொடர், நடுவில் 28 வருஷம். அதற்குள் எத்தனை பேர் சிறையில் இருந்திருப்பார்கள்!

மேதைகள் எழுதியதற்கே இந்தக் கதி என்றால், என்னைப் போன்றவர்கள் எழுதியதைக் கேட்க வேண்டுமா?

1981-ல் வடக்கே ஓர் ஊரில் வேலை பார்த்தேன். காலமான ஊழியர் ஒருவரின் மனைவிக்குக் குடும்பப் பென்ஷன் பற்றி ஒரு கடிதம் நான்தான் டிராஃப்ட் செய்தேன். ஆங்கிலத்தில் ஏழு வரி, ஒரே வாக்கியம். ‘கோரிக்கையை ஏற்பதில் ஆட்சேபணை இல்லையெனினும், குறிப்பிட்ட சான்றிதழ் சமர்ப்பிக்கப்படாதவரை தொகை வழங்க இயலாது’ என்கிற ரீதியில் போகும். மேலதிகாரி ஒரு திருத்தமும் செய்யாமல் கையெழுத்திட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஏழு மாதம் கழித்து அந்த அம்மாள் பள்ளிக்கூடம் போகும் பையனோடு வந்தாள். கடிதம் மடிப்பிலெல்லாம் கிழிந்திருந்தது. பையன் அகராதியை வைத்துக்கொண்டு படித்து, ‘இயலாது’ என்ற இடத்தில் நிறுத்திவிட்டான். ‘பாபுஜி, கிடைக்குமா, கிடைக்காதா? அதை மட்டும் சொல்லுங்கள்’ என்றாள்.

‘கிடைக்கும். ஒரு சான்றிதழ் கொண்டு வாருங்கள்.’ நான் சொன்ன பதில் அவ்வளவுதான். அதை ஏழு மாதம் முன்னாலேயே எழுதியிருக்கலாம். அதுவரை பாத்திரம் தேய்த்து வயிறு வளர்த்தார்களாம். அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் இத்தனை வருஷம் ஞாபகம் இருந்திருக்காது.

அன்றிலிருந்து எந்தக் கடிதமானாலும், முடிவை முதல் வரியில் எழுதுவது, செய்ய வேண்டியதை இரண்டாவது வரியில் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். ‘சின்னப் பையன் எழுதுகிற மாதிரி இருக்கிறதே’ என்று கேலி செய்தார்கள். சின்னப் பையன் படித்துப் புரிந்துகொள்ளத்தானே எழுதினேன்!

தகவல் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. மத்திய அரசின் 2012 விதிகளின்படி மனு சாதாரணமாக 500 வார்த்தைக்கு மேல் போகக் கூடாது. கேட்பவனுக்கு 500 வார்த்தை என்று அளவு இருக்கிறது. பதில் சொல்பவருக்கும் ஓர் அளவு வைத்திருக்கலாம்!

அரசியலுக்கு வருகிறேன். பயப்படாதீர்கள், எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்க வரவில்லை. தேர்தல் அறிக்கைகளைப் படித்துப் பாருங்கள். ‘ஆவன செய்யப்படும்’, ‘பரிசீலிக்கப்படும்’ என்றே ஓடும். செய்யப்போவது யார் என்பதே வாக்கியத்தில் இருக்காது. என் ஏழு வரியின் தாயாதிகள்தான் அவை! உங்கள் வாசலுக்கு வேட்பாளர் வந்தால் மூன்றே கேள்வி கேளுங்கள்: எவ்வளவு, எங்கிருந்து, எப்போதுக்குள்? பதில் ஒரே வரியில் வந்தால் யோசியுங்கள். சுற்றி வளைத்தால், அப்போதும் யோசியுங்கள்!

இங்கே ஆபீஸிலும் பாங்கிலும் வேலை செய்யும் குழந்தைகள் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். கடிதத்தை அனுப்புவதற்கு முன்னால் வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். எதிரே அந்த அம்மாளும் பையனும் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

பத்து நிமிஷம் ஆகிவிட்டது. காரியதரிசி கடிகாரத்தைப் பார்க்கிறார்.