சரவிளக்கும் மின்னழுத்தமும்



வெசாக் காலத்தில் கண்டி வாவிக் கரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இளைஞர்கள் சரவிளக்குக் கட்டுவதைக் காண்கிறோம். சரத்திலுள்ள சிறு மின்குமிழ் 12 வோல்ட்டுக்கு உரியது. நம் வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். அப்படியிருந்தும் அக்குமிழ் கருகாதிருப்பது எவ்வாறு?

குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருப்பதே காரணம். இதனைத் தொடர்ச் சுற்று என்பர். மின்னோட்டம் செல்ல அங்கே வழி ஒன்றே. ஆதலின் எல்லாக் குமிழ்களிலும் ஒரே அளவு மின்னோட்டம் பாய்கிறது. மின்னழுத்தமோ பங்கிடப்படுகிறது. ஒத்த குமிழ்கள் 20 இருப்பின் ஒன்றுக்கு 11.5 வோல்ட் கிடைக்கும். பங்குகளைக் கூட்டினால் 230 வரவேண்டும். இவ்விதியை 1845ஆம் ஆண்டில் வகுத்தவர் ஜெர்மானிய அறிஞர் கிர்ச்சோவ்.

நம் மகாவலி கங்கையை நோக்குங்கள். விக்டோரியாவில் விழுந்த நீரே பின்னர் ரந்தெனிகலையிலும் ரந்தம்பையிலும் விழுகிறது. நதியின் இறக்கம் படிப்படியாகப் பங்கிடப்படுகிறது. உயரம் மிகுந்த படியில் மிகுந்த ஆற்றல் பிறக்கிறது. மின்சுற்றிலும் அவ்வாறே. தடை மிகுந்த உறுப்பு மிகுந்த அழுத்தத்தை ஏற்கும். 40 வாட் குமிழையும் 100 வாட் குமிழையும் தொடராக இணைத்தால், தடை மிகுந்த 40 வாட் குமிழே அதிகப் பிரகாசமாக எரியும்.

ஆயின் நேயர்களே, இப்பங்கீடு மின்னோட்டம் உள்ளவரைதான். ஒரு குமிழ் பழுதானால் சரம் முழுவதும் அணைகிறது. மின்னோட்டம் நின்றபின் ஏனைய குமிழ்கள் எப்பங்கையும் ஏற்பதில்லை. அப்போது 230 வோல்ட்டும் அறுந்த இடத்திலேயே நிற்கும். மலைத்தோட்டத்தில் மேட்டு ஊற்றிலிருந்து வரும் குழாயின் வாயைக் கீழே மூடினால், நீர் அசையாது. எனினும் உயரத்தின் முழு அழுத்தமும் அம்மூடியையே தாக்கும் அல்லவா?

ஆகவே, "பன்னிரண்டு வோல்ட் குமிழ்தானே, அதுவும் அணைந்துவிட்டதே" என்று வெறும் ஹோல்டரைத் தொடுவது உயிருக்கே ஆபத்தாகும். ட்ரிப் சுவிட்ச் உண்டென்று துணிதலும் ஆகாது. ஹோல்டரின் இரு முனைகளையும் ஒருவர் ஒருங்கே தொட்டால், உடலின் வழியே சென்ற மின்னோட்டம் கம்பியிலேயே திரும்பிவிடும். கசிவை மட்டும் உணரும் அக்கருவி அதனை அறியாது.

பழுதான குமிழுக்குப் பதிலாகக் கம்பியை முறுக்கிவிடுவோரும் உளர். ஐந்து குமிழ்களை இவ்வாறு விலக்கினால், எஞ்சிய 15 குமிழ்களும் தலைக்கு 15 வோல்ட்டுக்கு மேல் சுமந்து, மிதமிஞ்சிச் சூடேறும்.

எனவே பிள்ளைகளுக்கு ஒன்றை வலியுறுத்துங்கள். சரத்தில் கைவைக்குமுன் செருகியைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்தல் போதாது. விளக்கு அணைந்திருப்பது மின்சாரம் நீங்கியதற்குச் சான்றாகாது.